சோடித்த ரவிவர்மா படங்கள்: கேள்வியும் பதிலும்

நளன் தமயந்தி, துஷ்யந்தன் சகுந்தலை, கண்ணன் ராதை என்று காதல் காட்சிகளை அச்சிட்ட படங்களின்மேல் பட்டுத்துணி ஒட்டி, சரிகையும் சம்கியும் தைத்துச் சோடித்து முகப்பிலும் பட்டாலையிலும் மாட்டிவைத்த வீடுகள் செட்டிநாட்டில் ஏராளம். அவற்றை எப்படி இனங்காண்பது, எதை நம்பி வாங்குவது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடியில் இருந்துகொண்டு இருபத்தைந்து ஆண்டுகளாக இப்படங்களைச் சேர்த்தும் பழுதுபார்த்தும் வருகிறவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன்.

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி: எங்கள் வளவில் பட்டுச் சேலை ஒட்டிய சகுந்தலை படம் இருக்கிறது. அடியில் ஆங்கிலத்தில் ரவிவர்மா பிரஸ் என்று அச்சாகியிருக்கிறது. இதை ரவிவர்மாவின் அசல் ஓவியம் என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது, ஆச்சி. அது அவருடைய ஓவியத்தைப் பார்த்து அச்சகத்தார் கல்லில் வரைந்து, நிறத்துக்கு ஒரு கல்லாக அச்சிட்டு எடுத்த படம். ஒலியோகிராஃப் என்று சொல்வது இதைத்தான். 1894இல் ரவிவர்மா பம்பாயில் தொடங்கிய அச்சகம் சில ஆண்டுகளில் லோனாவ்லாவுக்கு அருகே மளவலிக்கு இடம்பெயர்ந்தது. கார்லா, லோனாவ்லா என்ற ஊர்ப்பெயர்கள் பல படங்களின் அடியில் காணப்படுவது அதனால்தான். பின்னர் அங்கே பணிபுரிந்த ஃபிரிட்ஸ் ஷ்லைக்கர் என்ற ஜெர்மானியர் அதை விலைக்கு வாங்கினார். 1906இல் ரவிவர்மா மறைந்த பிறகும் அதே பெயரில் படங்கள் நெடுங்காலம் வெளிவந்துகொண்டிருந்தன. ஆகவே அடியெழுத்து, படம் எந்த அச்சகத்தைச் சேர்ந்தது என்பதைத்தான் சொல்லும். எந்த ஆண்டில் அச்சானது என்பதைச் சொல்லாது.

அதனால் உங்கள் படத்தின் மதிப்பு குறைந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். அச்சுப் படம் ஊரெல்லாம் இருக்கும். அதற்குச் சேலை கட்டிய கைவேலை உங்கள் வீட்டில் மட்டுமே இருக்கிறது. என்னிடமுள்ள படம் ஒன்றில், ரவிவர்மா 1899இல் சிவப்புச் சேலையில் தீட்டிய அன்னத்தோடு நிற்கும் தமயந்திக்கு, சோடித்தவர் மாம்பழ நிறப் பட்டு உடுத்தியிருக்கிறார். கொசுவத்தின் ஒவ்வொரு மடிப்பும் ஊசி பிடித்துத் தைத்தது. அன்னத்தின் கண்ணுக்குக் கடுகளவில் ஒரு கறுப்புப் பாசிமணி. அந்தக் கண்ணுக்காகவே அதை வாங்கினேன். சோடித்த படத்தில் அச்சின் வயது வேறு, சோடனையின் வயது வேறு என்பதை மனத்தில் கொண்டு இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்பதே நான் எல்லோருக்கும் சொல்லுவது.

பள்ளத்தூர் இளைஞர் ஒருவர்: அச்சு பழையதா, பழையதுபோல் இப்போது எடுத்ததா என்று நானே கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு. நகைக்கடைக்காரர்கள் கல் பார்க்கப் பயன்படுத்தும் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் முகத்தைப் பாருங்கள். கல்லச்சில் புள்ளிகள் கையால் வைத்தவை; பெரிதும் சிறிதுமாக, கன்னத்தின் வளைவைப் பின்பற்றிப் போகும், ஓரங்களில் ஒரு நிறம் மற்றொன்றிலிருந்து மயிரிழை விலகியும் நிற்கும். ஆஃப்செட் எந்திர அச்சில் நான்கு நிறப் புள்ளிகள் வரிசை பிசகாமல் சிறு பூக்களைப்போலச் சேர்ந்திருக்கும். கணினி அச்சில் தூவிவிட்டதுபோல் மிக நுண்ணிய மைத்துளிகள் தெரியும். அடுத்து, கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கை இருட்டில் தாளின் வெற்றிடத்தில் அடியுங்கள். தாளுக்கு வெண்மையூட்டும் ஒளிர்பொருள்கள் 1950களை ஒட்டியே பரவலாயின. நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அது ரவிவர்மா காலத்துத் தாள் ஆகாது.

படத்தின் மரச்சட்டத்தைக் கண்டு மயங்காதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் விசுவாமித்திரர் மேனகை படம் வாங்கினேன். பர்மா தேக்குச் சட்டம், பார்த்தால் அலையலையாகத் தெரியும் பழைய கண்ணாடி, துருவேறிய ஆணி, எல்லாம் உண்மையிலேயே பழையவை. வீட்டுக்கு வந்து பின்பலகையைக் கழற்றியபோது தாளின் முதுகு பளீரென்று வெள்ளையாக இருந்தது; ஓரத்தில் இரண்டு விரற்கடை அகலத்துக்கு மட்டும் தேயிலைச் சாறு தடவியிருந்தார்கள். அன்றிலிருந்து பின்பலகையைக் கழற்றிக் காட்டச் சம்மதிக்காத எவரிடமும் நான் பணம் கொடுப்பதில்லை.

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆசிரியை: சரிகையும் சம்கியும் அந்தக் காலத்தவைதாமா என்பதை எப்படி அறிவது?

வெள்ளிச் சரிகை காலத்தில் கறுக்கும். செம்பு கலந்த சரிகை பச்சை பூக்கும். பிளாஸ்டிக் இழையில் செய்த சரிகை எத்தனை ஆண்டானாலும் ஒரே மினுக்காக இருக்கும். மைதாப் பசை மஞ்சளாகிப் பொரிந்திருக்கும், இராமபாணப் பூச்சி அதைத் தேடிவந்து தாளையும் சேர்த்து ஒழுங்கில்லாமல் அரித்திருக்கும். இக்காலத்து வெள்ளைப் பசை ரப்பர்போல் இழுபடும்.

இவற்றையெல்லாம்விட நான் நம்பும் சான்று வேறொன்று. ஒரு சம்கி உதிர்ந்த இடத்தை லூப் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் படாமல் மூடிக்கிடந்ததால், அங்கே சம்கி அளவுக்கே வட்டமாக, சுற்றியுள்ள நிறத்தைவிட ஆழமான நிறம் தெரிந்தால், அச்சு வெளுக்கத் தொடங்குவதற்கு முன்பே சோடித்திருக்கிறார்கள் என்று பொருள். உள்ளும் புறமும் ஒன்றுபோல் வெளுத்திருந்தால், பழைய அச்சின்மேல் பின்னாளில் ஒட்டியது. பார்ப்பதற்காகத் துணியை நீங்களே பெயர்க்க வேண்டாம். உதிர்ந்த இடம் எப்படியும் ஒன்றிரண்டு இருக்கும்.

சென்னையிலிருந்து ஒருவர்: ரவிவர்மா கையெழுத்தோடு துணியில் தீட்டிய ராதை ஓவியம், தூரிகைத் தடமெல்லாம் தெரிகிறது என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கிறார்கள்.

கையெழுத்தைக் கடைசியாகப் பாருங்கள். கேன்வாஸில் கணினி அச்சு எடுத்து, அதன்மேல் நிறமற்ற பசையைத் தூரிகையால் தடவி மேடுபள்ளம் உண்டாக்கும் வழக்கம் இப்போது பரவலாக இருக்கிறது. மேடு கையின் வடிவத்தையோ துணி மடிப்பையோ பின்பற்றாமல் தன்போக்கில் போகும்; லூப்பில் பசைக்கு அடியில் மைத்துளி தெரியும். மெய்யாகவே எண்ணெய் வண்ணமாக இருந்தால், ஆய்வகத்தில் நிறமிகளைச் சோதிக்கச் சொல்லுங்கள். டைட்டானியம் வெள்ளை ஓவியர்களின் கைக்கு வந்தது 1920களை ஒட்டி, தாலோ நீலம் 1935 வாக்கில். மூல வண்ணப்பூச்சில் இவ்விரண்டில் ஒன்று இருந்தாலும் 1906இல் மறைந்தவர் அதைத் தீட்டியிருக்க முடியாது. எழும்பூர் அருங்காட்சியகத்திலும் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்திலுள்ள ராஜா ரவிவர்மா கலைக்கூடத்திலும் அவருடைய ஓவியங்களுக்கு முன் ஒரு நாள் நின்று கண்ணைப் பழக்கிவிட்டுப் பிறகு பேரம் பேசுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர்: ஊரிலுள்ள படங்களை இங்கே கொண்டுவரலாமா?

இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த கலைப்பொருள் தொல்பொருளாகும். தனியார் அதை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. ரவிவர்மாவின் ஓவியங்கள் 1979 முதல் தேசியக் கலைச்செல்வம் என்பதால் அவையும் வெளியேற முடியாது. பிற்காலத்து அச்சுப் படமாக இருந்தாலும், தொல்பொருள் அன்று என்ற சான்றிதழைத் இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற்ற பிறகே பெட்டியில் கட்டுங்கள்.

கண்டனூரிலிருந்து ஒருவர்: விற்க வந்தவர் பங்காளிகளில் ஒருவர்தாம். வாங்கலாமா?

பொது வீட்டுச் சுவரில் தொங்கும் படம் எல்லாப் பங்குக்கும் பொது. மற்றப் பங்காளிகளின் சம்மதம் எழுத்தில் இல்லாமல் வாங்காதீர்கள். படம் எந்த வீட்டில், எந்தச் சுவரில் இருந்தது என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். திருமணச் சீரில் வந்த படமென்றால், சாமான் பட்டியலில் அதற்கு ஒரு வரி இருக்கக்கூடும். அந்தப் பக்கத்தைப் படம்பிடித்துக்கொள்ளுங்கள். எந்த நிபுணரின் சான்றிதழைவிடவும் அந்த ஒரு வரியை நான் மேலாக மதிப்பேன்.

கோட்டையூர் ஆச்சி ஒருவர்: நாள் கிழமைக்குத் துடைப்பது எப்படி?

கண்ணாடியில் நேரே தண்ணீர் தெளிக்காதீர்கள், ஆச்சி. அது வழிந்து கீழ்ச்சட்டத்தில் இறங்கும். பெரும்பாலான படங்கள் முதலில் காலடியில்தான் கெடுகின்றன. துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, மேலிருந்து கீழாகத் துடையுங்கள். முற்றத்து வெயில் நேரே விழும் சுவரிலிருந்து படத்தை மாற்றுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றோடும்படி பின்னால் இரண்டு கார்க் துண்டுகளை ஒட்டிவிடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை இறக்கி, பின்பலகையில் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.