பழைய செப்புப் பாத்திரத்தில் பிடித்த களிம்பு எவ்வளவு தேய்த்தும் ஏன் போவதில்லை?

களிம்பு என்பது மேலே ஒட்டிய அழுக்கு இல்லை. செம்பின் மேற்பரப்பே காற்றோடு வினைபுரிந்து மாறிய மெல்லிய படலம். முதலில் கறுக்கும், ஈரமும் கரியமில வாயுவும் நெடுநாள் சேர்ந்தால் பச்சை பூக்கும். சோப்பு எண்ணெய்ப் பசையைத்தான் எடுக்கும், இதைத் தொடாது.

காய்ந்த நகச்சாயத்தைச் சுரண்டாமல் அதற்கான திரவத்தால் கரைக்கிறோமே, அப்படித்தான் இதுவும். எலுமிச்சைச் சாறு அல்லது வினிகரில் உப்பு கலந்து பூசுங்கள். அமிலம் படலத்தைக் கரைக்கும், உப்பு அதை வேகப்படுத்தும். பிடிவாதமான இடத்துக்குக் கொஞ்சம் மாவு சேர்த்துக் குழைத்தால் வழியாமல் நிற்கும். கால் மணி நேரம் கழித்து மென்துணியால் தேய்த்துக் கழுவி, அப்புறம் உடனே ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். கம்பி நார் மட்டும் வேண்டவே வேண்டாம், அந்தக் கீறல் போகாது.

இரவு முழுக்க ஊறவைத்தால் இன்னும் பளபளக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். படலம் தீர்ந்ததும் அமிலம் செம்பையே அரிக்கத் தொடங்கும்.