உள்ளாட்சிகளுக்கு ஊக்கத்தொகை கொடுத்தால் வேலூரில் வீடுகள் பெருகுமா?

கேள்வி இதுதான்: "வீடு கட்ட வேகமாக அனுமதி தரும் நகராட்சிகளுக்குக் கனடாவில் மத்திய அரசு நேரடியாகப் பணம் கொடுக்கிறதாம். வேலூர் போன்ற ஊர்களுக்கும் அப்படிக் கொடுத்தால் வீட்டுத் தட்டுப்பாடு தீருமா?"

கொஞ்சம் குறையும். ஆனால் அங்கே எதற்குப் பணம் கொடுக்கிறார்களோ அதற்கே இங்கேயும் கொடுத்தால் ஒன்றும் நடக்காது.

நான் காட்பாடியில் வீட்டு பிளான் போட்டு, அப்ரூவலுக்கு அனுப்பும் தொழில் செய்கிறேன். அமோனியா பிரிண்ட் எடுத்து, சுருட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக நடந்த காலத்திலிருந்து இதே வேலைதான். இப்போது எல்லாம் ஆன்லைன். கக்கத்துக்கு ஓய்வு, கண்ணுக்குத்தான் வேலை.

முதலில் கனடா கதை. அங்கே 2022 பட்ஜெட்டில் 400 கோடி டாலர் ஒதுக்கி ஒரு நிதியை அறிவித்தார்கள். வீட்டுவசதி விரைவு நிதி என்று சொல்லலாம். நகராட்சி ஒரு செயல் திட்டம் எழுதித் தர வேண்டும்: எந்தெந்த விதியை மாற்றுவோம், மூன்று வருடத்தில் வழக்கத்தைவிட எத்தனை வீட்டுக்குக் கூடுதலாக அனுமதி கொடுப்போம் என்று. பணம் மொத்தமாக வராது, நான்கு தவணை. கடைசித் தவணை சொன்ன எண்ணிக்கையை எட்டினால்தான். 2023 செப்டம்பரில் முதல் ஒப்பந்தம் போட்டது ஒன்டாரியோ மாநிலத்து லண்டன் நகரம், ஏறத்தாழ 7 கோடியே 40 லட்சம் டாலருக்கு.

அந்த ஊரில்தான் என் அக்கா மகன் இருக்கிறான். அப்போது போனில் அவன் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்புதான் வந்தது. "மாமா, இங்க இனிமே ஒரு மனையில நாலு வீடு கட்டிக்கலாமாம், அதுக்கு கவுன்சில்ல தனியா ஓட்டு வேணாமாம்" என்றான். பெரிய புரட்சி மாதிரி பேசினான். "அடேய், விருதம்பட்டுல உங்க தாத்தா கட்டுன வீட்டுல எத்தனை போர்ஷன்னு எண்ணிப் பாரு" என்றேன். கீழே இரண்டு, மேலே இரண்டு, மொட்டை மாடியில் ஷீட் போட்ட ரூம் ஒன்று. அந்தக் காலத்தில் யாரும் ஓட்டுப் போடவில்லை.

கிண்டல் இருக்கட்டும், விஷயம் இதில்தான் இருக்கிறது. கனடாவில் ஊரின் பெரும்பகுதி நிலத்தில் ஒரு மனைக்கு ஒரு குடும்பம் என்று விதியே போட்டு வைத்திருந்தார்கள். அதை மாற்றப் போனால் அக்கம்பக்கத்தார் எதிர்ப்பார்கள், கவுன்சிலர் பயப்படுவார். அந்தப் பயத்தைப் போக்கத்தான் பணம். எல்லா ஊரும் மசியவும் இல்லை. விண்ட்சர் என்கிற ஊர், நாலு வீடு விதியை ஊர் முழுக்க அனுமதிக்க மாட்டோம் என்று சொல்லி, 2024 தொடக்கத்தில் அந்த நிதியையே இழந்தது.

இங்கிலாந்துக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 2011-இல் புது வீட்டு போனஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். உள்ளாட்சிப் பகுதியில் ஒரு வீடு கூடினால், அந்த வீட்டிலிருந்து கிடைக்கும் கவுன்சில் வரியை (நம்ம ஊர் வீட்டு வரி மாதிரி) ஒட்டிய ஒரு தொகையை அரசு ஆறு வருடம் தரும். ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீடு திரும்பப் புழக்கத்துக்கு வந்தாலும் கணக்கில் சேரும். பிறகு ஆறு வருடத்தை நாலாகச் சுருக்கினார்கள். அந்த நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2013-இல் இதைப் பார்த்துவிட்டு, இந்தப் பணத்தால் உள்ளாட்சிகளின் நடத்தை பெரிதாக மாறியதற்குச் சான்று குறைவு என்ற மாதிரி எழுதியது. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. எப்படியும் கட்டப்போகிற வீட்டுக்கும் போனஸ் வருகிறது என்றால், யார் மெனக்கெடுவார்கள்?

ஆனாலும் இரண்டில் எனக்குப் பிடித்தது இங்கிலாந்துக் கணக்குதான். கனடாவில் எண்ணுவது அனுமதியை. இங்கிலாந்தில் எண்ணியது நிற்கிற வீட்டை. அனுமதி வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிய எத்தனையோ பேர் என்னிடமே வாடிக்கையாளர்கள். மனையின் விலை கூடட்டும் என்று அப்ரூவல் வாங்குபவர்கள் இருக்கிறார்கள், பேங்க் லோனுக்காக வாங்கிவிட்டுப் பிறகு பெண் கல்யாணம் வந்து நின்றுபோனவர்களும் இருக்கிறார்கள்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். ஊக்கத்தொகை என்பது இங்கே இல்லாத ஒன்று என்று நினைக்காதீர்கள். மூலதனச் செலவுக்காக மாநிலங்களுக்கு 50 வருட வட்டியில்லாக் கடன் கொடுக்கும் திட்டம் ஒன்று மத்திய அரசிடம் இருக்கிறது. அதில் 2022-23-இல் 6,000 கோடி, 2023-24-இல் 15,000 கோடி ரூபாயை நகர்த் திட்டமிடல் சீர்திருத்தங்களுக்கு என்று தனியாக வைத்தார்கள். கட்டட விதியை நவீனமாக்கு, நகரமைப்பு ஆட்களைச் சேர் என்பது போன்ற நிபந்தனைகள். கனடா மாதிரிதான். பெரிய வித்தியாசம், பணம் மாநிலத்துக்குப் போகிறது, வேலை நகராட்சிக்கு வருகிறது.

நிபந்தனை வைத்தால் உள்ளாட்சி அசையுமா என்று சந்தேகப்படுபவர்கள் 2022 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். 15-ஆவது நிதிக் குழு மானியம் வேண்டுமானால் சொத்து வரியைத் திருத்த வேண்டும் என்ற நிபந்தனையைக் காட்டித்தான் தமிழ்நாடு முழுக்க வரி ஏறியது. வேலூர் போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடியைத் தாண்டினால் 100 சதவீதம். எவ்வளவு வேகமாக நடந்தது பார்த்தீர்களா? வசூலிப்பது என்றால் நமக்கு வேகம் தானாக வந்துவிடும்.

வீட்டுக்கான பெரிய பணம் நம் நாட்டில் பயனாளிக்கு நேரடியாகப் போகிறது. பிரதமர் வீட்டுத் திட்டத்தில் சொந்த மனையில் கட்டுபவர்களுக்கு மத்திய அரசு ஒன்றரை லட்சம், நம் மாநிலம் 60,000, ஆக 2 லட்சத்து 10 ஆயிரம் என்று இருந்தது. 2024 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் இரண்டு அரசும் சேர்ந்து இரண்டரை லட்சம். அஸ்திவாரம், லின்டல், ரூஃப் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் போட்டோ எடுத்து ஏற்றினால் தவணை வரும். கிராமப்புறத்தில் கலைஞர் கனவு இல்லம் வீட்டுக்கு மூன்றரை லட்சம். எல்லாம் நல்லதுதான். ஆனால் இதில் எதுவும் அந்த வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் போட வேண்டிய உள்ளாட்சிக்குக் கூடுதலாக ஓர் ஆளைக் கொடுப்பதில்லை.

அனுமதி வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதோடு ஒரு மாடியோ இருந்தால், ஆவணங்களை ஏற்றிக் கட்டணம் கட்டியதும் அனுமதி கையில் வந்துவிடும். கட்டணம் கூடிவிட்டது என்று புலம்புபவர்கள் உண்டு, நியாயமான புலம்பல்தான். ஆனாலும் சிறு வீட்டுக்கு அலைச்சல் பாதி போய்விட்டது என்பது என் அனுபவம். அதாவது கனடா கோடிக்கணக்கில் கொடுத்து வாங்குகிற வேகம் நம்மிடம் காகிதத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

அப்புறம் ஏன் வீடு எழும்பவில்லை? விருதம்பட்டில் ஓர் ஆட்டோக்காரர், என் பழைய வாடிக்கையாளர். அப்பாவின் ஒன்றே முக்கால் சென்ட் மனையை அண்ணன் தம்பி இருவரும் பாகம் பிரித்துப் பதிவு செய்துகொண்டார்கள். பிளான் ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் பட்டா கூட்டாக இருக்கிறது, உட்பிரிவு செய்ய வேண்டும். சர்வேயர் வந்து அளந்தால் புலப்படத்தில் இருக்கும் அளவும் தரையில் இருக்கும் அளவும் ஒத்துப்போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றரை அடி தள்ளிச் சுவர் வைத்திருக்கிறார். ஓர் அலுவலகத்தில் "அங்கே கேளுங்க" என்றார்கள், அங்கே போனால் "சர்வேயர் லீவு" என்றார்கள். எட்டு மாதம். கனடா விஷயத்தை நான் சொன்னபோது அவர் கேட்டார்: "இன்னா சார், கெவர்மென்ட்டு ஆபீசுக்கே பணம் குடுத்தாதான் வேலை ஆவும்னு அந்த ஊர்லயும் கண்டுபுடிச்சிட்டாங்களா?" எனக்குப் பதில் வரவில்லை.

இதே மாதிரி இன்னொரு முட்டு, அங்கீகாரம் இல்லாத மனை. 2016-இல் உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட மனைகளின் பதிவை நிறுத்தியபோது இந்தப் பக்கம் பத்திரம் எழுதுபவர்கள் கடையே காலியாகக் கிடந்தது ஞாபகம் இருக்கிறது. 2017-இல் அந்த மனைகளை முறைப்படுத்தும் வரன்முறை விதிகள் வந்தன. பணம் கட்டி வரன்முறை செய்தவர்கள் தப்பினார்கள், செய்யாதவர்களின் மனை இன்றும் வேலி போட்டுக் கிடக்கிறது. அனுமதி வேகம் எவ்வளவு இருந்தாலும் அந்த மனைக்கு அது எட்டாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். வேலூரில் "வீடு" என்று எழும்புவதெல்லாம் வீடா? சி.எம்.சி-யைச் சுற்றி வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளுக்காக ரூம்கள், காட்பாடிப் பக்கம் வி.ஐ.டி மாணவர்களுக்காக ரூம்கள். ஒரு குடும்பத்துக்கு மாதம் எட்டாயிரத்துக்கு விடுவதைவிட, கட்டிலுக்கு இவ்வளவு என்று நாள் வாடகைக்கு விட்டால் லாபம். நான் வீடு என்று போட்ட பிளானில் இன்று ஒவ்வோர் அறைக்கும் தனிப் பூட்டு தொங்குகிறது. எண்ணிக்கைக்குப் பணம் கொடுத்தால் இதெல்லாம் கணக்கில் ஏறும், ஆனால் இங்கே வேலை பார்க்கும் நர்ஸும் துப்புரவுத் தொழிலாளியும் திருவலத்துக்கும் லத்தேரிக்கும் தள்ளிக்கொண்டே போவார்கள்.

அவசரத்துக்கும் ஒரு விலை உண்டு. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அப்போது கழிஞ்சூர் ஏரியும் நிரம்பிச் சுற்றியுள்ள தெருக்களில் தண்ணீர் நின்றது. ஏரிக்குத் தண்ணீர் வரும், போகும் வழியில் வீடு கட்டினால் இதுதான். எத்தனை வீட்டுக்கு அனுமதி கொடுத்தாய் என்று மட்டும் கேட்டால், கால்வாய் ஓரத்து மனைக்கும் கண்ணை மூடிக்கொண்டு அனுமதி போகும்.

ஆகவே என்னைக் கேட்டால், பணத்தை உள்ளாட்சிக்கே கொடுங்கள், ஆனால் அனுமதிச் சீட்டை எண்ணாதீர்கள். புதிதாகச் சொத்து வரி போட்ட வீட்டை, அதுவும் குடிநீர் இணைப்பும் கழிவுநீர் இணைப்பும் கிடைத்த வீட்டை எண்ணிக் கொடுங்கள். சிறிய வீடுகளுக்கு நிறைவுச் சான்றிதழ் கேட்பதில்லை என்பதால் வீடு முடிந்துவிட்டது என்பதற்கு வரி ரசீதைவிட வேறு நல்ல ஆதாரமும் நம்மிடம் கிடையாது. ரூமாக மாறியதற்கு வணிகக் கட்டடத்துக்கான சொத்து வரி போட்டுப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். வருகிற பணத்தில் முதல் வேலையாக நில அளவர்களை ஒப்பந்தத்துக்காவது எடுத்து, வார்டு வார்டாக உட்பிரிவு பாக்கியை முடிக்க வேண்டும். இது வருவாய்த் துறை வேலையாயிற்றே என்பீர்கள். தெரியும். அதனால்தான் நிபந்தனையோடு கூடிய பணம் வேண்டும் என்கிறேன். இரண்டு துறையை ஒரே மேசையில் உட்கார வைக்கச் சுற்றறிக்கையால் முடிந்து நான் பார்த்ததில்லை.

வேலூர் 2008-இல் மாநகராட்சி ஆனது, பிறகு சத்துவாச்சாரி, காட்பாடி எல்லாம் சேர்ந்து 60 வார்டு ஆனது. ஊர் பெரிதான வேகத்துக்குக் குழாய் பெரிதாகவில்லை. கனடா நிதியிலும் ஒரு நல்ல விஷயம், அந்தப் பணத்தை வீட்டுக்குத் தேவையான குடிநீர், சாக்கடை வேலைக்கும் செலவு செய்யலாம். இங்கே யாராவது அந்தத் திட்டத்தைக் காப்பி அடிப்பதாக இருந்தால் அந்த ஒரு வரியை மட்டும் தவறாமல் காப்பி அடிக்கட்டும்.

அந்த ஆட்டோக்காரர் வீடு போன தை மாதம் முடிந்தது. பாலும் காய்ச்சியாயிற்று. மேல் போர்ஷனுக்கு டூ-லெட் போர்டு மாட்டியிருக்கிறார், குடும்பத்துக்கு மட்டும் என்று எழுதி. கேட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது "தண்ணி கனெக்‌ஷன் வந்துடுச்சா?" என்றுதான். டெபாசிட் கட்டிய ரசீதை எடுத்துக் காட்டுகிறார்.