மண்வெட்டி பிள்ளைகள் கையில் இருக்கட்டும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் தொடக்கப் பள்ளிக்குப் பின்னால் ஒரு வகுப்பறை அளவு நிலம் சும்மா கிடக்கிறது. நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அங்கே பயிர் அறிவியலைக் கற்றுக்கொடுக்க நினைக்கிறோம். அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் உதவ வருகிறார்கள். எப்படித் தொடங்குவது?

பதில்: உங்கள் மிகப் பெரிய சொத்து அந்தப் பெரியவர்கள்தான். 1860இல் தொடங்கி இந்தியாவிலிருந்து, டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் பலர், ஒப்பந்தம் முடிந்ததும் காய்கறித் தோட்டம் போட்டுத்தான் பிழைத்தார்கள். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம், டர்பனின் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து அவர்களை வெளியேற்றியது. நிலம் போனாலும் கைப்பழக்கம் வீட்டுக் கொல்லைகளில் தங்கிவிட்டது.

ஆனால் அந்தப் பழக்கமே இடையூறாகவும் வரும். பிள்ளை கோணலாக விதைத்தால் பெரியவருக்குக் கை பரபரக்கும். மண்வெட்டியைத் தாமே வாங்கிக்கொள்வார். தோட்டம் அழகாக வரும், பிள்ளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே முதல் நாளே சொல்லிவிடுங்கள்: பெரியவர் செய்து காட்டுவது ஒரே ஒரு முறை, பிறகு கேள்வி மட்டும் கேட்கலாம்.

முதல் பயிராகத் தட்டைப்பயற்றைப் பரிந்துரைக்கிறேன். அது ஆப்பிரிக்காவின் சொந்தப் பயிர்; வெயிலைத் தாங்கும். ஜனவரியில் பள்ளி திறந்ததும் ஊன்றினால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும், பச்சைக் காய்க்கு ஏறத்தாழ இரண்டு மாதம். முதல் பருவத்துக்குள் கணக்கு சரியாக வரும். அந்தப் பருவத்தில் அறிவியல் பாடமும் உயிருள்ளவற்றைப் பற்றியதுதான்.

ஐந்தாம் வாரம் ஒரு செடியைத் தோண்டி வேரை மெல்லக் கழுவச் சொல்லுங்கள். சிறு முடிச்சுகள் தெரியும். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அங்கே பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்த நிறமே அடையாளம். அதைத் தன் விரலால் பார்த்த பிள்ளை மறக்காது.

அடுத்தது எனக்கு மிகப் பிடித்த சோதனை. தமிழ்ப் பாட்டி காய்க்காகக் காத்திருப்பார். பக்கத்து வீட்டு ஜூலு பாட்டியோ இளம் இலையைக் கிள்ளி இமிஃபினோ என்னும் கீரையாகச் சமைப்பார். இருவரையும் அழையுங்கள். ஒரு வரிசையில் இலை கிள்ளுங்கள், அடுத்த வரிசையை அப்படியே விடுங்கள். நீர், இடைவெளி, விதைத்த நாள் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு வரிசையின் காயையும் பிள்ளைகளே எடை போட்டு நோட்டில் எழுதட்டும். விடையைப் பாட்டிமார் முன்கூட்டிச் சொல்லிவிடக் கூடாது.

காய் பிடித்ததும் குரங்குகள் வரும். டர்பனில் அது தவிர்க்க முடியாதது. வளைந்த குழாய்களின் மேல் வலை போர்த்துங்கள். பூச்சிமருந்து மட்டும் வேண்டவே வேண்டாம், குறிப்பாகத் தெருவில் பொட்டலமாக விற்பவை. 2024 அக்டோபரில் சொவெட்டோவின் நலேடியில் ஆறு குழந்தைகள் டெர்புஃபாஸ் என்னும் பூச்சிமருந்தின் நஞ்சால் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. அசுவினிப் பூச்சி வந்தால் நீரைப் பீய்ச்சிக் கழுவினாலே பெரும்பாலும் போதும்.

பிள்ளைகளோடு பழகப்போகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் தேசியச் சிறார் பாதுகாப்புப் பதிவேட்டுச் சரிபார்ப்பை (பிள்ளைகளோடு பழகத் தகாதவர்கள் பட்டியலில் பெயர் இல்லை என்று உறுதிசெய்வதை)ப் பள்ளி ஆளுமைக் குழு மூலம் முடித்துவிடுங்கள். பெரியவர்கள் மனம் கோணாதபடி, எல்லோருக்கும் ஒரே விதி என்று சொல்லுங்கள்.

நான் பார்த்த பள்ளித் தோட்டங்கள் பெரும்பாலும் விடுமுறையில்தான் காய்ந்தன. ஜூன், ஜூலையில் டர்பனில் மழை குறைவு. அப்போது யார் எந்த நாள் நீர் ஊற்றுவது என்று பருவம் முடியும் முன்பே குடும்பவாரியாகப் பெயர் எழுதி வாயிற்கதவில் ஒட்டுங்கள். சாவி யாரிடம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு செடியைப் பறிக்காமல் முற்றவிட்டு, காய்ந்த நெற்றை உரித்துப் புட்டியில் போட்டு, பிள்ளைகளின் பெயரை எழுதி வையுங்கள். அடுத்த ஜனவரியில் வரும் வகுப்புக்கு அதுதான் விதை.