ஜூனியருக்குப் பதவி உயர்வு, எனக்கு இல்லை: வழக்குப் போடலாமா?

கேள்வி: மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். சீனியாரிட்டி பட்டியலில் எனக்குக் கீழே இருந்த இருவருக்குப் போன மாதம் பதவி உயர்வு ஆணை வந்துவிட்டது. கேட்டால், "ஒரு வருஷப் பணி மதிப்பீட்டு ரிப்போர்ட்டில் உங்களுக்கு 'நன்று'தான் இருக்கிறது, 'மிக நன்று' வேண்டும்" என்று வாய்மொழியாகச் சொல்கிறார்கள். அந்த ரிப்போர்ட்டை என்னிடம் காட்டவே இல்லை. ராஜினாமா செய்துவிடலாமா என்றுகூட இருக்கிறது. கோர்ட்டுக்குப் போக முடியுமா?

பதில்: ராஜினாமா வேண்டாம். உங்கள் கோபம் நியாயமானது, அதற்குச் சட்டத்தில் இடமும் இருக்கிறது.

பதவி உயர்வைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று கேட்கும் உரிமை யாருக்கும் கிடையாது. ஆனால் தகுதி வரம்புக்குள் வரும் ஊழியரின் பெயரை முறையாகப் பரிசீலிக்க வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 16-வது பிரிவு தரும் அடிப்படை உரிமை. 1999-ல் அஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே இதைச் சொல்லியிருக்கிறது. (தனியார் நிறுவன ஊழியர்கள் இந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போட முடியாது.)

உங்கள் பிரச்சினையை அப்படியே உரித்து வைத்தது போன்றது தேவ் தத் வழக்கு. அவருக்கும் ஒரே ஒரு வருட ரிப்போர்ட்டில்தான் 'நன்று'. தேவைப்பட்டது 'மிக நன்று'. அந்த மதிப்பீட்டை அவருக்குத் தெரிவிக்காமலேயே ஜூனியர்களை மேலே ஏற்றிவிட்டார்கள். மோசமான குறிப்பு மட்டுமில்லை, எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013-ல் சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை உறுதி செய்தது. முழு அறிக்கையையும் ஊழியரிடம் கொடுத்து, ஆட்சேபம் தெரிவிக்க 15 நாள் தர வேண்டும் என்று 2009-லேயே மத்திய அரசின் சுற்றறிக்கையும் இருக்கிறது.

எனவே முதல் வேலை, அந்த ரிப்போர்ட்டை வாங்குவது. எழுத்துமூலம் கேளுங்கள், கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் ஒரு மனு போடுங்கள். பதவி உயர்வுக் குழு உங்களைப் பற்றி என்ன பதிவு செய்தது என்பதையும் அதில் கேளுங்கள். பதிலுக்காகக் காத்திருக்காமல் துறைத் தலைமைக்கு ஒரு முறையீடு கொடுங்கள். அதில் இவ்வளவு போதும்: "இன்ன தேதி ஆணையில் எனக்கு இளையவர்கள் இருவர் பதவி உயர்வு பெற்றுள்ளனர். என் பெயர் விடுபடக் காரணமான மதிப்பீடு எனக்குத் தெரிவிக்கப்படவில்லை. அதைத் தெரிவித்து, என் ஆட்சேபத்தைப் பரிசீலித்து, மறுபரிசீலனைக் குழுவைக் கூட்ட வேண்டுகிறேன்." அதிகாரியின் ஓரவஞ்சனை பற்றிப் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். கெட்ட எண்ணம் என்று குற்றம் சாட்டினால், வழக்கில் அவரைப் பெயர் சொல்லிச் சேர்த்து நிரூபிக்கவும் வேண்டியிருக்கும். முறையீட்டின் நகலில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பலரும் கோட்டை விடுவது கெடு விஷயத்தில்தான். முறையீட்டை நிராகரித்தால், அந்த உத்தரவு தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள், மத்திய அரசு ஊழியர்களின் பணி வழக்குகளை விசாரிக்கும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். பதிலே வராவிட்டால் ஆறு மாதம் பொறுத்து, அதற்கடுத்த ஒரு வருடத்துக்குள். நினைவூட்டல் மேல் நினைவூட்டல் அனுப்பினால் கெடு நீளாது. நல்ல கேஸ்கள் இப்படிக் கெடு தாண்டிச் செத்துப்போவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

வழக்குப் போடும்போது அந்த இரண்டு ஜூனியர்களையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டியிருக்கும். தினம் முகம் பார்க்கும் ஆட்கள், சங்கடம்தான். ஆனால் அவர்கள் பதவியைப் பாதிக்கும் உத்தரவை அவர்களைக் கேட்காமல் யாரும் போட மாட்டார்கள். இதை முன்கூட்டியே அவர்களிடம் நேரில் சொல்லிவிடுங்கள்.

தீர்ப்பாயம் பெரும்பாலும் நேரடியாகப் பதவி கொடுக்காது. உங்கள் பெயரை மறுபடி பரிசீலிக்கச் சொல்லும். அதில் தேறினால், ஜூனியர் உயர்ந்த தேதியிலிருந்தே உங்களுக்கும் சீனியாரிட்டி கேட்கலாம். சம்பள பாக்கி தனியாக வாதாட வேண்டிய விஷயம், அதையும் மனுவிலேயே கேட்டுவிடுங்கள். தேவ் தத் வழக்கு முடிவதற்குள் அவர் ஓய்வே பெற்றுவிட்டார். மதிப்பீடு உயர்ந்து பதவி உயர்வு கிடைத்தால் கூடுதல் பென்ஷனும் பாக்கித் தொகையும் வட்டியோடு தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். உங்களுக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது. ரிப்போர்ட் நகல் கேட்கும் கடிதத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.