'ஆதிரை' என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: மார்கழித் திருவாதிரையில் மகள் பிறந்திருக்கிறாள். 'ஆதிரை' என்று பெயர் வைக்க ஆசை. யாரும் வைக்காத பெயர், வாயில் நுழையாது என்கிறார் மாமியார். நாங்கள் இருப்பது பெங்களூரில். ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினால் பக்கத்து வீட்டில் 'ஆத்திரை' என்று வாசிக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: தயங்காமல் வையுங்கள். நல்ல பெயர், பழைய பெயர்.

27 நட்சத்திரங்களில் 'திரு' சேர்த்துச் சொல்லப்படுபவை இரண்டுதான்: திருவாதிரை, திருவோணம். அந்தத் 'திரு'வை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஆதிரை. மணிமேகலையில் இந்தப் பெயருக்காகவே ஒரு காதை இருக்கிறது. அமுதசுரபி கைக்கு வந்ததும் அதில் முதல் பிச்சை யாரிடம் வாங்குவது என்று மணிமேகலை தேடுகிறாள். போய் நிற்பது ஆதிரையின் வாசலில். உலகம் முழுக்கப் பசிநோய் ஒழியட்டும் என்று சொல்லி அந்தப் பாத்திரத்தை நிறைக்கிறாள் ஆதிரை. மாமியாரிடம் முதலில் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அபூர்வமா என்றால், எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. ரோகிணி, ரேவதி, சித்ரா, சுவாதி என்று நட்சத்திரப் பெயர்கள் நம் வீடுகளில் நிறைய உண்டு. ஆதிரை மட்டும் ரொம்ப நாள் ஒதுங்கியே இருந்தது. தமிழ்ப் பெயர் தேடுகிற பெற்றோர் இப்போதுதான் அதை எடுக்கிறார்கள். ஆனால் மலை தாண்டி கேரளத்துக்குப் போனால் 'ஆதிர' சர்வசாதாரணம். அங்கே தனு மாதத் (நம் மார்கழி) திருவாதிரை பெண்களின் திருநாள், திருவாதிரைக்களி என்ற நடனம் ஆடுவார்கள். பெங்களூரில் உங்கள் மகளோடு படிக்கப்போகும் மலையாளக் குழந்தைகளுக்கு இது கேட்டுப் பழகிய பெயராகத்தான் இருக்கும். அமெரிக்காவில் ஆண்டுதோறும் குழந்தைப் பெயர்களை எண்ணி அரசே பட்டியல் வெளியிடுகிறது. நம் நாட்டில் அப்படி இல்லை. அதனால் 'இந்த ஆண்டின் டாப் 100' என்று வலைத்தளங்களில் வருவதை நம்பி எந்தப் பெயரையும் தள்ளவும் வேண்டாம், அள்ளவும் வேண்டாம்.

சரி, உச்சரிப்பு. சிக்கல் முழுக்க நடுவில் இருக்கும் 'தி'யில். 'பாதி' என்று சொல்லிப் பாருங்கள்; நாக்கு பல்லை லேசாகத் தொட்டு விலகும். 'பாத்தி' என்று சொன்னால் அழுத்தி நிற்கும். ஆதிரை 'பாதி' வகை. அழுத்தினால் 'ஆத்திரை' ஆகிவிடும். கேட்பவருக்கு ஆத்திரம்தான் நினைவுக்கு வரும், பாவம் குழந்தை.

ஆங்கிலத்தில் 'தஞ்சாவூர்' எழுதும் எழுத்துகளைப் போட்டால் இந்தத் தவறு நடக்கத்தான் செய்யும். 'தர்மபுரி' எழுதும் எழுத்துகளைப் போடுங்கள், அதாவது டெல்லிக்கு வரும் டி, பக்கத்தில் எச். வடக்கத்தியர் கொஞ்சம் மூச்சு விட்டுச் சொல்வார்கள். அது பரவாயில்லை, பெயர் சிதையாது. முதலில் இரண்டு 'ஏ' கட்டாயம். ஒன்றை விட்டால் 'அதிரை' ஆகிவிடும். தஞ்சைக் கடலோரத்து அதிராம்பட்டினத்தை அந்த ஊர்க்காரர்கள் செல்லமாக அழைப்பது அப்படித்தான்.

கடைசி 'ரை'யைப் பற்றிக் கவலையே வேண்டாம். பாட்டி 'ஆதிர' என்று கூப்பிட்டால் திருத்தாதீர்கள். சொல்லின் கடைசியில் வரும் ஐ ஒலிக்கும் நேரம் 2 மாத்திரையிலிருந்து 1 மாத்திரையாகக் குறையும். ஐகாரக்குறுக்கம் என்று இலக்கணமே அதற்குப் பெயர் வைத்திருக்கிறது.

அப்புறம் ஒரு வேலை. பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் சான்றிதழில் பெயர் சேர்க்கக் கட்டணம் கிடையாது. ஆகவே அவசரம் இல்லை. ஆங்கில எழுத்துகளை ஒரு தாளில் எழுதி, தமிழ் தெரியாத நான்கு பேரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். மூன்று பேர் 'பாதி' மாதிரி வாசித்தால் அதையே பதியுங்கள். ஆதார், பள்ளி, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் அதே எழுத்துகள்தான் இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் பின்னால் அலைய வேண்டியவள் அவள்தான்.