குதிரை எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலியப் பெரும் செல்வந்தர் ஜினா ரைன்ஹார்ட் தன் உருவப்படத்தைக் கான்பெரா தேசியக் கலைக்கூடத்திலிருந்து எடுக்கச் சொன்ன 2024-ஆம் ஆண்டுச் செய்தியைப் படித்தேன். வரைந்தவர் வின்சென்ட் நமட்ஜிரா, பழங்குடி ஓவியராம். படம் குழந்தைக் கிறுக்கல்போல் இருக்கிறது. தங்களுக்கே உரிய புள்ளி ஓவியத்தை விட்டு இவர்கள் அரசியலில் இறங்கலாமா? ஒருவரை அவலட்சணமாக வரைய உரிமை உண்டா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உரிமை உண்டு. கலைக்கூடம் படத்தை எடுக்கவில்லை. கிறுக்கல் விவகாரத்துக்குள் நான் வரப்போவதில்லை. ஒன்று மட்டும்: அந்தப் படம் வின்சென்ட் வரைந்த ஒரு வரிசையில் ஒன்று. அதில் 21 முகங்கள். எலிசபெத் ராணி, முன்னாள் பிரதமர் ஸ்காட் மோரிசன், வின்சென்ட் போற்றும் பழங்குடி ஓட்ட வீராங்கனை கேத்தி ஃப்ரீமன், எல்லோருக்கும் அதே கோணல். தன்னையும் அப்படித்தான் வரைந்துகொள்கிறார். நீங்கள் ஒரு முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்துவிட்டீர்கள்.

என்னை உறுத்தியது ‘தங்களுக்கே உரிய’ என்ற சொல். யார் ஐயா உங்களுக்குச் சொன்னது?

வின்சென்டின் கொள்ளுத்தாத்தா ஆல்பர்ட் நமட்ஜிரா, தன் நிலத்தின் குன்றுகளையும் வெள்ளை மரங்களையும் நீர்வண்ணத்தில் வரைந்தவர். 1938-இலேயே மெல்போர்னில் தனிக் கண்காட்சி வைத்தார். மத்திய ஆஸ்திரேலியப் பழங்குடிக் குடியிருப்பான பப்புன்யாவில் பெரியவர்கள் தம் சடங்குக் கோலங்களைப் பலகையில் தீட்டி, நீங்கள் சொல்லும் புள்ளி ஓவியம் சந்தைக்கு வந்தது 1971-இல்தான். எது முந்தியது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆல்பர்ட்டையும் ‘ஐரோப்பிய நகல்’ என்றுதான் ஒதுக்கினார்கள். 1954-இல் ராணிமுன் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 1957-இல் குடியுரிமை கொடுத்தார்கள். அவர் உறவினர்களுக்குக் கொடுக்கவில்லை. குடியுரிமை இல்லாத பழங்குடியினருக்கு மது கொடுப்பது அப்போது குற்றம்; உறவினருக்குக் கொடுத்தார் என்று 1958-இல் அவர்மீதே வழக்கு. இரண்டு மாதம் காவலில் வைத்த இடம் எது தெரியுமா? அதே பப்புன்யா. 1959-இல் இறந்துபோனார்.

உருவப்படத்துக்கான ஆர்ச்சிபால்ட் பரிசை 1956-இல் வில்லியம் டார்கி என்ற வெள்ளையர் வென்றார், ஆல்பர்ட்டை வரைந்து. 1921-இல் தொடங்கிய அந்தப் பரிசு ஒரு பழங்குடி ஓவியருக்குக் கிடைக்க 2020 ஆயிற்று. வென்றவர் வின்சென்ட். முகம் கொடுக்கலாம், தூரிகை பிடிக்கக்கூடாது என்பதுதானே இத்தனை காலம் நடந்தது?

கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் உங்களைப்போலப் பேசியவன்தான். என் நண்பன் ஒருவன் வேளார் வீட்டுப் பிள்ளை. அப்பா அய்யனாருக்கு மண்குதிரை செய்தவர். அவன் வரைந்ததோ ஒப்பந்தக்காரர்களையும் வட்டச் செயலாளர்களையும், தைல வண்ணத்தில். பன்னிரண்டு படங்களைப் பழைய வேட்டியில் சுற்றிச் சென்னைக்குப் பஸ்ஸில் கொண்டுபோனோம். கலைக்கூடத்துக்காரர் பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “நன்றாக இருக்கிறது தம்பி. குதிரை எங்கே?” என்றார். நானும், “ஒன்று செய்துதான் கொடேன்” என்றேன். திரும்பும்போது படங்களை முழங்காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு விழுப்புரம் தாண்டும்வரை அவன் வாய் திறக்கவில்லை.

அந்த வருடமே என்னை வரைந்தான். மூக்கு கோணல், கண்களில் ஒரு பேராசை. மாற்றித் தரச் சொன்னேன். மறுத்துவிட்டான். இப்போது அது அவன் வீட்டுக் கூடத்தில், வாசலைப் பார்த்தபடி தொங்குகிறது.