ஒரு சாய்வுக்கோடு படுத்தும் பாடு

கேள்வி: சார், பைதான் நிரல்மொழி கற்றுக்கொண்டிருக்கிறேன். டி டிரைவில் 'நியூ' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 'டெஸ்ட்' என்று ஒரு ஃபைல். பெயரெல்லாம் ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில்தான். அந்தப் பாதையை அப்படியே ஸ்ட்ரிங்கில் (மேற்கோளுக்குள் எழுதும் எழுத்துத்தொடரில்) கொடுத்தால் ஃபைலே இல்லை என்கிறது. ஃபோல்டரை 'சேல்ஸ்' என்றும் ஃபைலை 'மார்ச்' என்றும் மாற்றினால் உடனே திறக்கிறது. கம்ப்யூட்டருக்கு என் மேல் என்ன கோபம்?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: கோபம் உங்கள் மேல் இல்லை. பாதையில் இருக்கும் \ என்ற பேக்ஸ்லாஷும் அதற்கு அடுத்து வரும் எழுத்தும் சேர்ந்து செய்யும் வேலை இது. பேக்ஸ்லாஷுக்குப் பின்னால் 'என்' வந்தால் பைதான் அதைப் புதுவரி என்று எடுத்துக்கொள்ளும், 'டி' (t) வந்தால் டேப், அதாவது ஒரு பெரிய இடைவெளி. 'நியூ' என்-இல் தொடங்குகிறது, 'டெஸ்ட்' டி-இல் தொடங்குகிறது, இரண்டுமே மாட்டிக்கொண்டன. நம்பிக்கை இல்லையென்றால் அந்த ஸ்ட்ரிங்கை பிரிண்ட் செய்து பாருங்கள். முதல் வரியில் டிரைவ் பெயரும் : குறியும் மட்டும் தனியாக நிற்கும், பெயர்களின் மிச்ச எழுத்துகள் அடுத்த வரியில் நடுவில் ஒரு இடைவெளியோடு கிடக்கும். இப்படி ஒரு பெயரில் ஃபைலைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

'சேல்ஸ்', 'மார்ச்' தப்பித்தது வெறும் அதிர்ஷ்டம். எஸ், எம் எழுத்துகளோடு சேர்ந்த பேக்ஸ்லாஷுக்குப் பைதானில் தனி அர்த்தம் எதுவும் கிடையாது, அதனால் இருப்பதை இருப்பது போலவே விட்டுவிடுகிறது. ஆனால் இதை நம்பி உட்காராதீர்கள், 3.12 பதிப்பிலிருந்து இதற்கே கண்ணில் படும்படி எச்சரிக்கை காட்டுகிறது. சி டிரைவில் விண்டோஸ் வைத்திருக்கும் 'யூசர்ஸ்' ஃபோல்டரைக் கொடுத்துப் பாருங்கள், பெரிய 'யு' வந்ததும் ஏதோ யூனிகோடு எண் (உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் கொடுத்திருக்கும் எண்) வரப்போகிறது என்று காத்திருந்து, அது வராததால் புரோகிராமை ஓட்டவே மறுத்துவிடும்.

வழி என்ன? பேக்ஸ்லாஷை இரண்டாகப் போடுங்கள், \\ என்று. இரண்டு எழுதினால் ஸ்ட்ரிங்கில் போய்ச் சேருவது ஒன்றுதான். இல்லையா, மேற்கோளுக்கு முன்னால் ஒரு 'ஆர்' சேர்த்து, பேக்ஸ்லாஷை வெறும் குறியாகவே எடுத்துக்கொள்ளும் ரா ஸ்ட்ரிங் ஆக்கிவிடுங்கள் (அதிலும் ஒரு குறும்பு உண்டு, ரா ஸ்ட்ரிங்கை ஒற்றை பேக்ஸ்லாஷில் முடிக்க முடியாது). நான் செய்வது இது எதுவும் இல்லை. பாதை முழுக்க / போட்டுவிடுவேன். விண்டோஸில் பைதான் அதையும் ஏற்றுக்கொள்ளும், தொல்லை விட்டது.

கேள்வி: எங்கள் பில்லிங் மென்பொருளில் டி'சூசா என்று ஒரு வாடிக்கையாளர் பெயரை ஆங்கிலத்தில் போட்டாலே டேட்டாபேஸ் எரர் வருகிறது. சேமிப்பதற்கு முன் மேற்கோள் குறிக்கு முன்னால் பேக்ஸ்லாஷ் சேர்த்துவிடலாமா?
(வாசகி, தூத்துக்குடி)

பதில்: வேண்டவே வேண்டாம், இதில் நான் சூடு பட்டவன். டேட்டாபேஸுக்குக் கட்டளையிடும் மொழியான எஸ்க்யூஎல் வாக்கியத்தில் பெயரை ' ' இரண்டுக்கும் நடுவில் வைக்கிறோம், பெயருக்குள்ளேயே ஒரு ' வந்தால் பெயர் அங்கேயே முடிந்துவிட்டது என்று டேட்டாபேஸ் நினைத்து, மிச்சமிருக்கும் 'சூசா'வைக் கட்டளையாகப் படிக்கப் பார்த்து விழிக்கிறது. உங்கள் வாடிக்கையாளர் பாவம், அவர் பெயரைத்தான் போட்டார். வேண்டுமென்றே ஒரு ' போட்டு அதற்குப் பின்னால் உண்மையான கட்டளையையே எழுதி அனுப்புகிற ஆள் வந்தால்? எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் என்பது அதுதான்.

பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு அலுவலகத்தில் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய மென்பொருள் ஒன்று இருந்தது. அந்தக் காலத்து பிஎச்பியில் மேஜிக் கோட்ஸ் என்று ஒரு வசதி, படிவத்திலிருந்து வருகிற மேற்கோளுக்கெல்லாம் தானாகவே பேக்ஸ்லாஷ் சேர்த்துவிடும். அது தெரியாமல் நானும் சேமிக்கும் இடத்தில் என் பங்குக்கு ஒரு முறை சேர்த்தேன். டேட்டாபேஸ் ஒரு சுற்றை மட்டும் உரித்தது, இன்னொரு சுற்று பெயரோடேயே ஒட்டிக்கொண்டது. அப்புறம் யாராவது அந்தப் பதிவைத் திறந்து மறுபடி சேமித்தால், இருக்கும் பேக்ஸ்லாஷுக்கும் தலைக்கு ஒரு பேக்ஸ்லாஷ்! ஒன்று மூன்றாகி, மூன்று ஏழாகி, கடைசியில் வாடிக்கையாளருக்குப் போன கடிதத்தில் பெயருக்கு நடுவில் வேலி கட்டினது மாதிரி வரிசையாகக் கோடுகள். 2012-இல் வந்த 5.4 பதிப்பில் மேஜிக் கோட்ஸைத் தூக்கிவிட்டார்கள், யாரும் அழுததாகத் தெரியவில்லை.

எஸ்க்யூஎல்லின் சொந்த முறை ' குறியை இரண்டு தடவை போடுவது. மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் பேக்ஸ்லாஷையும் ஏற்கும், எல்லா டேட்டாபேஸும் ஏற்காது. நீங்கள் இரண்டையுமே கையால் செய்யாதீர்கள். வாக்கியத்தில் பெயர் வரவேண்டிய இடத்தில் ? போட்டுவிட்டு, பெயரைத் தனியாகக் கொடுங்கள். பாராமீட்டர் என்று உங்கள் புரோகிராமரிடம் சொன்னால் அவருக்குப் புரியும். புரியவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள்.

கேள்வி: பைதானிலிருந்து ஜேசன் ஃபைல் (நிரல்கள் தகவல் பரிமாறப் பயன்படுத்தும் எழுத்து வடிவ ஃபைல்) எழுதினால் தமிழெல்லாம் பேக்ஸ்லாஷும் எண்ணுமாக மாறிவிடுகிறது. தமிழ் அழிந்துவிட்டதா?
(வாசகர், மதுரை)

பதில்: அழியவில்லை, வேஷம் போட்டிருக்கிறது. பைதானின் ஜேசன் தொகுதி, நாமாக எதுவும் சொல்லாதவரை, ஆஸ்கியில் (ஆங்கில எழுத்தும் எண்ணும் குறிகளும் மட்டும் கொண்ட பழைய பட்டியலில்) இல்லாத எழுத்தையெல்லாம் யூனிகோடு எண்ணாக எழுதும். 'அ' ஒன்றுக்கே ஆறு எழுத்து: \ குறி, ஒரு 'யு', பிறகு நான்கு இலக்கம். நாம் மூன்றெழுத்து என்று எண்ணும் 'தமிழ்' யூனிகோடு கணக்கில் ஐந்து குறியீடு, ஆக ஃபைலில் முப்பது எழுத்து! ஜேசன் தெரிந்த எந்த நிரல் அதைத் திரும்பப் படித்தாலும் தமிழாகவே வரும், அதனால் பயம் வேண்டாம். மனிதக் கண்ணால் படிக்கவேண்டும் என்றால் என்ஷ்யூர் ஆஸ்கி என்ற ஆப்ஷனை ஃபால்ஸ் ஆக்கிவிட்டு, ஃபைலை யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் ஒரு முறை) என்று குறிப்பிட்டுத் திறங்கள். இரண்டாவதை மறந்துவிட்டு விண்டோஸில் எரர் வருகிறது என்று அடுத்த மாதம் எழுதாதீர்கள்.

கேள்வி: எத்தனையோ குறிகள் இருக்க, எஸ்கேப் குறி (அடுத்து வரும் எழுத்தின் அர்த்தத்தை மாற்றும் குறி) ஆவதற்கு பேக்ஸ்லாஷைப் பிடித்தது யார்?
(வாசகர், கரூர்)

பதில்: ஆரம்பத்தில் வேறு குறியும் இருந்தது. சி மொழிக்கு முன்னோடியான பி (B) மொழியில் புதுவரிக்கு * போட்டு 'என்' எழுதுவார்கள், சி வந்தபோதுதான் நட்சத்திரம் போய் பேக்ஸ்லாஷ் வந்தது. சி-யைப் பார்த்து வளர்ந்த ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், பைதான் எல்லாம் அதையே பிடித்துக்கொண்டன. இத்தனைக்கும் பாப் பீமர் என்பவர் 1960-களின் தொடக்கத்தில் இந்தக் குறியை ஆஸ்கிக்குள் கொண்டுவந்தது இதற்காக அல்ல. அல்கால் என்ற பழைய நிரல்மொழியின் 'மற்றும்', 'அல்லது' குறிகளை /\ என்றும் \/ என்றும் இரண்டு கோடுகளால் எழுதுவதற்காக. ஜப்பானில் அதே இடத்தை யென் நாணயக் குறிக்குக் கொடுத்துவிட்டார்கள், அங்கே விண்டோஸ் பாதைகளில் ஃபோல்டருக்கு ஃபோல்டர் ¥ நிற்பதைப் பார்த்தால், கோப்பைத் திறக்கவே காசு கேட்கிறார்களோ என்று தோன்றும்.